தந்துகியும் செருப்பும்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் மேசைப் பக்கம் சற்று நேரம் நின்று பாருங்கள். தோலை விரித்து ஒருமுறை கையால் தடவுகிறார்கள். பிறகு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உண்ணி கடித்த புள்ளி, முள்ளில் கிழிந்து ஆறிய தழும்பு, சூடு போட்ட குறி எல்லாம் அப்போது தெரிந்துவிடும். சில தோல்களில் கிளைவிட்டுப் பிரிந்துபோகும் மெல்லிய கோடுகளும் தெரியும். தோல் தொழிலில் இதை ‘வெயின்’ என்பார்கள். அறுத்தபோது ரத்தம் சரியாக வடியாத ஆட்டின் தோலிலும், உரித்தபின் உப்புப் போடத் தாமதமான தோலிலும் இந்தக் கோடு தூக்கலாகத் தெரியும். ஷூவின் முன்பாகத்துக்கு அந்தத் தோல் ஏறாது. கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தக் கோடு, ரத்தக் குழாய் இருந்த இடம். பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறும்போது முடியோடு சேர்ந்து மேல்தோல் கழன்று போகிறது. அடியில் ஒட்டியிருக்கும் சதையை ஃபிளெஷிங் மெஷின் வழித்துவிடுகிறது. நடுவில் மிஞ்சும் உள்தோல்தான் நாம் தோல் என்று விலை கொடுத்து வாங்கும் சரக்கு. மேல்தோலில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கான சாப்பாடெல்லாம் உள்தோலிலிருந்துதான் போக வேண்டும். ‘கிரெயின்’ என்று விலை மதிக்கப்படும் வழவழப்பான பரப்பு, அந்த ஆடு உயிரோடு இருந்தபோது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் வளைந்து ஏறி இறங்கிய அடுக்கு. மேசையில் தெரியும் கோடு பெரிய குழாயின் தடம். நுண்ணிய குழாய்களின் தடம் எந்த வெளிச்சத்துக்கும் அகப்படாது. அவற்றுக்குள் ஓடும் ரத்தத்தைத்தான் மருத்துவர்கள் மைக்ரோசர்குலேஷன் என்கிறார்கள். தமிழில் நுண்ணிரத்த ஓட்டம்.

நம் உடம்பில் இது எங்கே தொடங்குகிறது? இதயத்திலிருந்து புறப்படும் தமனி பிரிந்து பிரிந்து மெலிந்துகொண்டே போகிறது. குழாயின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் இடம் இதன் தொடக்கம் என்று கொள்ளலாம். முதலில் நுண்தமனி, பிறகு தந்துகி, அதன்பின் நுண்சிரை. தந்துகியின் அகலம் 5 முதல் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணுவின் அகலமே 7 மைக்ரானுக்குமேல் இருப்பதால், பல தந்துகிகளில் அது மடங்கி நெளிந்துதான் நுழைய முடியும். தந்துகியின் சுவர் ஒரே ஓர் உயிரணுவின் தடிமன். அந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியேறுகின்றன, கழிவு உள்ளே வருகிறது. பெரிய தமனிகளும் சிரைகளும் ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பாதைகள் மட்டுமே. கொடுக்கல் வாங்கல் நடப்பதெல்லாம் தந்துகியில்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரி நிரம்பியிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்பது வேறு கேள்வி. நுண்தமனிகள்தான் மதகுகள். அவற்றின் சுவரில் இருக்கும் தசை இறுகினால் அந்தப் பக்கம் ஓட்டம் குறையும், தளர்ந்தால் பெருகும். சித்திரை வெயிலில் வேலூர்ச் சாலையில் நடந்தால் முகம் சிவப்பதற்குக் காரணம், தோலின் மதகுகளைத் திறந்து உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதுதான். சாதாரணமாகத் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகப் போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 7, 8 லிட்டர் வரை உயரக்கூடும்.

வில்லியம் ஹார்வி 1628-ல் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது, தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாவுகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. இடையில் ஏதோ இருக்க வேண்டும் என்று அனுமானித்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-ல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார். தந்துகிகள் தேவைக்கேற்பத் திறந்து மூடுவதை ஆராய்ந்த டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் 1920-ல் நோபல் பரிசு பெற்றார். மனிதனின் ரத்தக் குழாய்களை நீட்டி வைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று பள்ளிப் புத்தகம் வரை வந்துவிட்ட கணக்கு அவரிடமிருந்து கிளம்பியதுதான். மிகுந்த தசைக்கட்டு உள்ள ஒரு பெரிய உடம்பை வைத்து அவர் போட்ட மதிப்பீடு அது. அண்மைய மறுகணக்கு அதை 9,000 முதல் 19,000 கிலோமீட்டராக இறக்கியிருக்கிறது. அதுவே வியப்புக்குப் போதும் என்பது என் எண்ணம்.

மருத்துவமனையில் மைக்ரோசர்குலேஷன் என்ற சொல் பல இடங்களில் வரும். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் நோயாளியின் விரல் நுனியை அழுத்தி விடுவித்து, வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார். மானிட்டரில் ரத்த அழுத்தம் சரியாகத் தெரிந்தும் சிவப்பு திரும்பத் தாமதமானால், கடைமடைக்கு ரத்தம் போகவில்லை என்று கவலைப்படுவார். டெங்குவில் தந்துகியின் சுவர் கசிகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடுவதால் உள்ளே இருப்பது கெட்டியாகிறது. வீட்டார் எல்லோரும் தட்டணு எத்தனை ஆயிரம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மருத்துவர் பி.சி.வி. எண்ணை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான். காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாளில்தான் பெரும்பாலும் இந்தக் கசிவு. காய்ச்சல் போய்விட்டதே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

ஆனால் தோலும் ஷூவுமே பிழைப்பாக இருக்கும் இந்த வட்டாரத்துக்கு நுண்ணிரத்த ஓட்டத்தோடு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அது பாதத்தின் வழியாக வந்தது.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் தம் நோயாளிகளை வந்து பார்க்கும்படி அவரை அழைத்தார். விரல் மடங்கிய கைகளையும் குழிப்புண் விழுந்த பாதங்களையும் அங்கே பார்த்த பிராண்டின் வாழ்க்கை திசை மாறியது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்றே மருத்துவர்கள் பலரும் அன்று நம்பினார்கள். பிராண்ட் அப்படி விட்டுவிடவில்லை. இந்த நோயாளியின் சதையும் மற்றவர்களின் சதையைப் போலவே ஆறுகிறது, ஆனால் ஆறவிடாமல் எதுவோ தடுக்கிறது என்று கண்டார். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி போனபின் அந்தக் காலை அவர்கள் நடத்தும் விதம்தான் புண்ணை உண்டாக்குகிறது.

அழுத்தம் ரத்தத்தைத் தடுப்பதை இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரலால் மறு கையின் நகத்தை அழுத்துங்கள். நகத்தடி வெளுக்கும். தந்துகியிலிருந்த ரத்தம் வெளியேறி, புதிதாக எதுவும் உள்ளே வராத நிலை அது. யூஜின் லாண்டிஸ் 1930-ல் நகக்கண் தந்துகிகளுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்கம் சுமார் 32 மில்லிமீட்டர், சிரைப் பக்கம் 12. நமக்கு பி.பி. பார்க்கும்போது 120 என்று சொல்கிறார்களே, அதே அளவைதான். அவர் அளந்தது இதய மட்டத்தில் வைத்த விரலில். நிற்கும்போது பாதத்தில் இது கூடும். ஆனாலும் எலும்பு துருத்திய இடத்தில் உடம்பின் எடை முழுவதும் இறங்கும்போது உண்டாகும் அழுத்தம் தந்துகியை மூடப் போதுமானது. பலகையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் இடுப்பெலும்பின் அடியில் இந்தக் கணத்தில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஏன் நமக்கெல்லாம் புண் வருவதில்லை? ஆக்சிஜன் போகாத சதை முணுமுணுக்கத் தொடங்கியதும் நாம் அறியாமலே சற்று நகர்ந்து உட்காருகிறோம், எடையை மறு காலுக்கு மாற்றுகிறோம், தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். எடை நீங்கியதும் மதகு அகலத் திறந்து, பட்டினி கிடந்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது. சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த இடம் கழற்றியபின் சிவந்து கிடப்பது அதன் அடையாளம். அந்த முணுமுணுப்பே இல்லாதவருக்கு நகர வேண்டும் என்று தோன்றுவதில்லை. மைக்கேல் கோசியாக் விலங்குகளில் செய்த சோதனையில், 70 மில்லிமீட்டர் அழுத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் விடாமல் கொடுத்தபோது சதை மீள முடியாதபடி கெட்டது. இடையிடையே அழுத்தத்தை விலக்கினால் கேடு வெகுவாகக் குறைந்தது.

வேலூரில் இந்த உணர்ச்சியின்மையைத் தம் உடம்பிலேயே சுமந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்தார். அப்புறமும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரின் பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இத்தகைய இடங்களில் முதலில் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி உடம்பை மேலே தூக்குவது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து, வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும். தந்துகிகளுக்கு மறுபடி ரத்தம் வர விடுவதற்காகவே இந்தப் பயிற்சி. வலி தானாகச் செய்துவந்த வேலையை அவர்கள் மனத்தால் செய்கிறார்கள்.

பாதத்துக்கு வருவோம். அழுத்தம் மூன்று வழியில் பாதத்தைக் கெடுக்கும் என்று பிராண்ட் பிரித்துச் சொன்னார். முள்ளோ ஆணியோ குத்துவது ஒன்று. சிறிய இடத்தில் பெரிய அழுத்தம், தோல் உடனே கிழியும். இறுக்கமான ஷூ மணிக்கணக்கில் கவ்வுவது இன்னொன்று. அழுத்தம் கொஞ்சம்தான், ஆனால் விடாமல் இருப்பதால் தந்துகி மூடியே கிடக்கிறது. இந்தப் புண் பெருவிரல், சுண்டுவிரல் ஓரங்களில் வரும். மூன்றாவதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. சாதாரண நடை. ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான தடவை விழுவது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின் பிராண்டும் அவர் குழுவினரும் எலியின் பாதத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு தடவை பட்டால் எந்தத் தீங்கும் செய்யாத அழுத்தத்தை, இயந்திரத்தால் தினம் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்தார்கள். சில நாளில் பாதம் வீங்கிச் சூடானது, அதன்பின் புண்ணாக உடைந்தது. எண்ணிக்கையைக் குறைத்து, வார இறுதியில் ஓய்வும் கொடுத்தபோது பாதத்தின் தோல் உடையவில்லை, தடித்து வலுவானது. அதே அழுத்தம்தான், எண்ணிக்கையும் ஓய்வும் மட்டும் வேறு. இந்தச் சூடும் நுண்ணிரத்த ஓட்டத்தின் வேலை. நசுங்கிய சதையைச் சரிசெய்ய உடம்பு அங்கே மதகைத் திறந்து ரத்தத்தை அனுப்புகிறது. ஆகவே புண் வெளியே தெரிவதற்கு முன்பே அந்த இடம் சுடும். புறங்கையை வைத்தாலே பல சமயம் தெரியும். ஒரு பாதத்தின் ஓரிடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்குமேல் சூடாக இருந்தால் நடையைக் குறைக்க வேண்டும் என்பது இன்று நீரிழிவுப் பாத மருத்துவத்தில் புழங்கும் கணக்கு.

அப்படியானால் மருந்து? செருப்புதான். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் எலும்பு மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். அங்கே உருவாகிப் பரவிய எம்.சி.ஆர். செருப்பு, நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் தொழுநோயாளிகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. எம்.சி.ஆர். என்பது கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிரம்பிய ரப்பர். மிக மென்மையாக இருந்தால் மிதித்ததும் சப்பையாகிவிடும், கல்லாக இருந்தால் பயனில்லை. 15 டிகிரி ஷோர் கடினம் என்று அளவு வகுத்தார்கள். மிதித்த இடத்தில் அது பாதத்தின் வடிவத்துக்குக் குழிந்து கொடுக்கிறது. இரண்டு எலும்பு முனையில் விழுந்த எடை உள்ளங்கால் முழுவதும் பரவுகிறது. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கவே கூடாது. ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும். தேய்ந்த செருப்பில் மேலேறும் ஓர் ஆணி, உணர்ச்சியில்லாத பாதத்துக்குள் போனாலும் நோயாளிக்குத் தெரியாது. கால் நழுவாமலிருக்கக் குதிகாலைச் சுற்றி வார் உண்டு. இந்த வாரையும் கறுப்பு ரப்பரையும் பார்த்தே ஊரார் நோயை அடையாளம் கண்டுகொண்டதால் பலர் போட மறுத்தார்கள். கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோற்றம் தர வேண்டும் என்று பிறகு மெனக்கெட்டார்கள். அது மருந்தளவுக்கே முக்கியமான வேலை என்று நினைக்கிறேன். போடாத செருப்பு யாரைக் காக்கும்?

இன்று இதே செருப்பைத் தேடி வருபவர்களில் சுகர்காரர்கள் ஏராளம். சர்க்கரை நோய் பல ஆண்டு நீடித்தால் பாதத்தின் நரம்பு மரத்துப் போகிறது. அதன்பின் நடப்பது தொழுநோய்ப் பாதத்தில் பார்த்த அதே கதை. மருத்துவர் உள்ளங்காலில் ஒரு நைலான் நரம்பை வைத்து அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது அது. வளையும்வரை அழுத்தியும் தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். நாளெல்லாம் ஷூ கம்பெனியில் உட்கார்ந்து ‘அப்பர்’ எனும் ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கும் பெண்கள், வீட்டுக்குப் போகும்போது மெலிந்த ரப்பர் செருப்பில் போகிறார்கள். அவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் உண்டா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

சர்க்கரை நோயின் கேடுகளை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வருவதை மைக்ரோவாஸ்குலர் என்பார்கள், நுண்குழாய்ப் பாதிப்பு. மாரடைப்பு, பக்கவாதம், காலின் பெரிய தமனி அடைப்பு ஆகியவை மேக்ரோவாஸ்குலர். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வந்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஆனால் மருத்துவம் வேறு வேறு.

இந்தப் பிரிவு தெளிவாக இல்லாமல் போனதால் எத்தனையோ கால்கள் போயிருக்கின்றன. வெட்டியெடுத்த கால்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் குழு, சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நுண்குழாய்களே அடைத்துக்கொள்கின்றன என்று 1959-ல் எழுதியது. அந்தக் கருத்து உலகமெங்கும் பரவியது. நுண்குழாய் அடைத்திருந்தால் மேலே பெரிய குழாயைச் சரிசெய்து என்ன பயன், ரத்தம் கடைசிவரை போகாதே என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். காலை எடுப்பதுதான் வழி என்றார்கள். லோஜெர்ஃபோ, காஃப்மன் என்ற இருவர் 1984-ல் இந்தக் கருத்தை மறுத்து எழுதினார்கள். சர்க்கரை நோயில் தந்துகியின் அடிச்சவ்வு தடிக்கிறது, அதன் வேலை கெடுகிறது, ஆனால் குழாய் அடைபடுவதில்லை. அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஓடும் தமனிகளில் இருக்கிறது என்றார்கள்.

ஆகவே ஆறாத புண்ணோடு போனவரிடம் ‘சின்ன ரத்தக் குழாயெல்லாம் போயிடுச்சுங்க, ஒண்ணும் செய்ய முடியாது’ என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு வரக் கூடாது. பாதத்தின் மேற்பக்கத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி பார்த்தீர்களா, கணுக்கால் அழுத்தத்தையும் விரலின் அழுத்தத்தையும் அளந்தீர்களா, டாப்ளர் எடுக்க வேண்டுமா, ரத்தக் குழாய் அறுவை மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கெண்டைக்காலில் தமனி அடைத்திருந்தாலும் பாதத்துக்குள் ஓடும் தமனி திறந்தே இருக்கிறது. பலூன் வைத்து அடைப்பை விரிக்கலாம். முடியாவிட்டால் அதே காலின் சிரையை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் பாதத்தின் மேற்பக்கத் தமனிவரை கொண்டுபோய் இணைக்கலாம்.